கரிக்கோச்சியைத் துரத்திய வான்

என் மருமகன் இரத்தினவேல் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்கள் என்னவும் நினையுங்கள். நான் சொன்னதை மாற்ற மாட்டேன்.

இந்தப் பனி நாட்டில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். காலையில் இருட்டோடு எழும்பிப் போய் பஸ்ஸின் பனியைச் சுரண்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்கி, மத்தியானம் வந்து சோறு தின்று, திரும்பவும் போவார். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகளை எல்லாம் இறக்கிய பிறகு கடைசி இருக்கை வரை நடந்து போய், எந்தப் பிள்ளையாவது நித்திரையாகிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமத்தாமல் இறங்கினால் பஸ் கத்தத் தொடங்கிவிடுமாம். இத்தனை வருஷத்தில் அவர் பஸ்ஸில் ஒரு பிள்ளை தவறியதில்லை. ஒரு தொப்பி, ஒரு கையுறை தவறினால்கூட அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுப்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. தண்டவாளம் குறுக்கிட்டால் ஸ்கூல் பஸ் நிற்க வேண்டும். கோச்சி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போகலாம். எங்கள் ஆட்கள் ரெயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். அவர் போகிற வழியில் தண்டவாளம் ரோட்டை வெட்டுகிற கடவையில் வருஷக்கணக்காக ஒன்றும் வந்ததில்லை. ஆனாலும் தினமும் நின்று, கதவைத் திறந்து, கேட்டார். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது ஊதல் கேட்டது. பழைய கரிக்கோச்சி ஒன்று எங்கேயோ கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்ததாம். கரும்புகை, வெள்ளை ஆவி, பக்கத்தில் ஏறி இறங்குகிற பெரிய இரும்புக் கைகள். பிள்ளைகள் எல்லாம் வாயடைத்துப்போய் இருந்தார்களாம். பிள்ளைகளுக்கு அது அன்றோடு போய்விட்டது. என் மருமகனுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோச்சி துரத்துகிற வேலைதான்.

துரத்துவது என்றால் என்ன என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். நகருக்கு வடக்கே தோட்டக்காணிகளுக்குள் பழைய தண்டவாளம் ஒன்று கிடக்கிறது. பழைய எஞ்சின்களில் ஆசை வைத்த ஆட்கள், சம்பளம் வாங்காமல், கோடையிலும் இலை சிவக்கிற காலத்திலும் அதில் கோச்சி ஓட்டுகிறார்கள். காசு கொடுத்து ஏறி இருந்து போகலாம். என் மருமகனும் கூட்டாளிகளும் ஏறுவதில்லை. வான் வண்டியில் முன்னால் ஓடி, ஒரு கடவையில் நின்று, கமராவைப் பூட்டிக் காத்திருப்பார்கள். கோச்சி போனதும் பாய்ந்து ஏறி, வேறு ரோட்டால் சுற்றி, கோச்சிக்கு முன்னம் அடுத்த கடவைக்குப் போய்விட வேண்டும். இப்படியே கடைசி ஸ்டேஷன் வரைக்கும்.

"ஏறி இருந்து போனா என்ன தம்பி? தலையிடி இல்லையே," என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏறினா கோச்சியைக் காணேலாது மாமி," என்றார்.



நான் ஏன் அந்த வானில் போனேன் என்றால், குளியலறையில் ஒருமுறை விழுந்த பிறகு என்னைத் தனியே விடுவதில்லை. என் மகள் இராஜேஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, முதியோர் இல்லத்தில். "மாமியை நான் கூட்டிக்கொண்டு போறன், நீ போ," என்று மருமகன் சொல்லிவிடுவார். காலையில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். அங்கிருந்து அப்படியே வடக்கே கோச்சிக்கு. மாமியைத் தனியே விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனுசன் அவர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வான் பழைய ரொயோட்டா. ரோட்டுக்குப் போடுகிற உப்புத் தின்று கதவடி எல்லாம் ஓட்டை. நடு இருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டுக் கமராத் தாங்கியை வைத்திருந்தார். நான் பின்னால் ஜன்னலோரம், போர்வையோடு. எந்தக் கடவையிலும் இறங்க மாட்டேன். என்னைக் கெஞ்சினாலும் இறங்க மாட்டேன், அந்தக் குளிருக்குள் எனக்கு என்ன விசரா?

அவரோடு எப்போதும் போகிறவர் நீக்கிலாப்பிள்ளை. எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் இருக்கிறவர். எழுபது கடந்தவர். ஊரில் நாவாந்துறைப் பக்கம். ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். மெல்லிய ஆள், கடும் சீனி வருத்தம், நேரத்துக்கு ஊசி போட்டுச் சாப்பிட வேண்டியவர். என் மருமகன் படம் எடுப்பார், நீக்கிலாப்பிள்ளை சத்தம் எடுப்பார். படத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அவருக்கு ஊதலும், ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்குகிற சத்தமும், தண்டவாளம் நெரிகிற சத்தமும்தான். பிறகு இரண்டையும் ஒட்டி ஒன்றாக்குவது துரையின் வேலை. துரை தமிழ்நாட்டுப் பிள்ளை. யூனியன்வில்லில் வீடு, கம்பியூட்டர் வேலை, கரண்டில் ஓடுகிற புதுக் கார். அந்தக் காரில் இரைச்சல் இல்லை என்பதால் கோச்சிக்குப் பக்கத்து ரோட்டில் சேர்ந்து ஓடும்போது ஜன்னலால் மைக்கை நீட்டிச் சத்தம் பிடிக்கலாம் என்று நீக்கிலாப்பிள்ளை இடையில் அதில் ஏறிக்கொள்வார். கால் உளைந்தால் திரும்பவும் எங்கள் வானுக்கு வருவார். அங்கே ஒரு கடவை, இங்கே ஒரு கடவை.

சத்தம் பிடிக்கிறவருக்கு எங்கள் பேச்சும் கமராவின் சடசடப்பும் ஆகாது. அதனால் எப்போதும் எங்களை விட்டுத் தூரமாக, தண்டவாளத்தோடு போகிற தோட்டப்பாதையில் நடந்துபோய் நிற்பார். போனையும் நிற்பாட்டிவிடுவார். மணி அடித்தால் எல்லாம் கெட்டுவிடுமாம்.

இவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. வானின் மூக்கை ரோட்டைப் பார்த்தே நிறுத்துவது. திறப்பை, அதாவது சாவியை, வானிலேயே விடுவது. கதவுகளை இறுக்கிச் சாத்தாமல் விடுவது. கடைசிப் பெட்டி கடந்ததும் ஏறு, கதவை அடி, போ. யாருக்காகவும் நிற்பதில்லை. "சுணங்கினவர் நடந்து வரட்டும்," என்று சிரிப்பார்கள். அந்தப் பகிடியைக் கூடுதலாகச் சொல்கிறவரே நீக்கிலாப்பிள்ளைதான்.

போன இலையுதிர்காலத்தில் அந்தத் தண்டவாளத்தில் ஓடுகிற கரிக்கோச்சிக்குக் கடைசி ஓட்டம். கொதிகலனைக் கழற்றித் திருத்த வேண்டும், காசு சேர வேண்டும், இனிப் பல வருஷம் கொட்டிலுக்குள்தான் என்று சொன்னார்கள். இவர்கள் அந்த எஞ்சினைக் கிழவி என்று கூப்பிடுகிறவர்கள். கிழவி பெருமூச்சு விடுகிறாள், கிழவி இன்றைக்குச் சுணங்குகிறாள் என்று பேசும்போது நான் பின்னால் இருந்து, "நான் இஞ்சை சும்மாதான் இருக்கிறன்," என்பேன்.

அன்று கோயிலில் நீக்கிலாப்பிள்ளை வழமைபோல வானுக்குள் இருந்தார். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், கோயிலுக்குள் வர மாட்டார். ஆனால் கோயில் சர்க்கரைப் பொங்கலை விட மாட்டார்.

"அக்கா, பிள்ளையார் எனக்கும் ஏதும் தந்தவரோ?"

"உமக்குச் சீனி. தரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டவர்."

"ஒரு கரண்டி. கிளடிசுக்குத் தெரியவேண்டாம்."

கிளடிஸ் அவர் மனைவி. எல்லோருக்கும் சேர்த்து மீன் றோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டிருந்தாள். அந்தப் பை எங்கள் வானில் என் காலடியில் இருந்தது. பொங்கலை, "பிறகு தாறன்," என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் கடவைக்கு எங்களோடு வந்தார். இரண்டாவதுக்குத் துரையின் காரில் போனார். மூன்றாவது பச்சைக் கூரைக் கொட்டில் ஒன்று நிற்கிற கடவை. அங்கே எங்களுக்கு முன்னமே வந்து இறங்கி, குடையும் மைக் தாங்கியுமாகப் பாதையோடு நடந்து வளைவுக்கு அப்பால் போய்விட்டார். போகும்போது துரையிடம், "கால் உளையுது தம்பி, இனி நான் வானிலை வாறன்," என்று சொன்னது எங்களுக்குத் தெரியாது.

கிழவி வந்தது. ஊதல் என் நெஞ்சுக்குள்ளே போய்த்தான் நின்றது, பொய் சொல்லவில்லை. கடைசிப் பெட்டி கடந்தது. மருமகன் தாங்கியை மடித்துக்கொண்டு ஓடி வந்து உள்ளே எறிந்தார். கதவுகள் அடிபட்டன. துரையின் கார் சத்தமில்லாமல் முன்னால் போய்விட்டது.

"நீக்கிலாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"துரையோடை, மாமி."

வான் பறந்தது.

கடைசி ஸ்டேஷனில் கோச்சி நிற்கும். எஞ்சினைக் கழற்றி மற்றப் பக்கம் கொண்டுவந்து பூட்டி, தண்ணீர் விட்டு, வந்த வழியே திரும்புவார்கள். அங்கே எல்லோரும் சாப்பிடுவது வழக்கம். நான் றோல்ஸ் பையைத் திறந்தேன். துரை கையில் பேப்பர்க் கோப்பைகளோடு வந்தான்.

"பாட்டி, அய்யாவுக்கு சக்கரை போடாத டீ. எங்க அவரு, பாத்ரூம் போயிட்டாரா?"

மருமகன் திரும்பிப் பார்த்தார். "உம்மடை காரிலை எல்லோ வந்தவர்?"

"இல்லியே சார். வேன்ல வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு."

 மருமகன் நீக்கிலாப்பிள்ளைக்குப் போன் அடித்தார். நிற்பாட்டியே கிடந்தது.

"போலீசுக்குச் சொல்லிடலாமா சார்?"

"என்னத்துக்கு? பெரிய மனுசன். கடவையிலை நிப்பார். போய் ஏத்திக்கொண்டு வாறன்."

துரையின் காரில் கரண்ட் முடிகிற நிலை. ஏற்றாமல் திரும்பிப் போக முடியாது என்றான். ஆகவே மருமகனும் நானும் மட்டும் வெளிக்கிட்டோம். கோச்சி இன்னும் ஸ்டேஷனில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது. நேரே போயிருந்தால் அதற்கு வெகு முன்னம் போய்ச் சேர்ந்திருப்போம்.

இடையில் ஆற்றுப் பாலம் ஒன்று இருக்கிறது. உயரமான இரும்புப் பாலம், இரு பக்கமும் சிவந்த மரங்கள். அந்தப் பாலத்தில் கிழவியை மழைக்குள் எடுக்க வேண்டும் என்று எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ரோட்டோரத்தில் வான் மெதுவாகியது.

"தம்பி, நில்லாதேங்கோ," என்றேன்.

"மாமி, அவருக்கும் கோச்சி திரும்பி வாறது தெரியும். அவரும் சத்தம் பிடிக்கக் காத்துக்கொண்டு நிப்பார். இப்ப போய்க் கூப்பிட்டாலும் ஏறமாட்டார்."

"மழை பெய்யுது."

"குடை கொண்டுபோனவர்."

"சாப்பிடேல்லை அந்தாள். சாப்பாடு என்ரை காலடியிலை கிடக்கு."

"இந்தா வந்திடும் மாமி. ஒரேயொரு படம்."

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் மறுமொழி இருந்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது என்று சொல்லி யாரையும் வான் ஓட்டவைக்க முடியாது. அவர் இறங்கி நின்றார். கோச்சி வரச் சுணங்கியது. உலை வைத்து அரிசி வேகிற நேரம் என்று வையுங்கள், அவ்வளவு நேரம் நின்றோம். பிறகு கிழவி பாலத்தில் ஏறியது. மழையில் புகை மேலே போகாமல் பாலத்தின் கால்களுக்குள்ளால் இறங்கி ஆற்றோடு போனது. நானே கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அது வடிவாய் இருக்கவில்லை என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும்.

பச்சைக் கூரைக் கடவையில் யாரும் இல்லை.

மருமகன் கூப்பிட்டுக்கொண்டு பாதையோடு ஓடினார். அன்றைக்குத்தான் நானும் இறங்கினேன். வளைவுக்கு அப்பால் மைக் தாங்கி மட்டும் நிமிர்ந்து நின்றது. குடை கவிழ்ந்து வேலியில் மாட்டிக் கிடந்தது. கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், நாங்கள் கான் என்போம், ஆள் உயரத்துக்குக் கோரைப்புல். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"றத்தினமோ?"

"அண்ணை!"

"மைக்கை எடும். நனையுது."

அவ்வளவுதான் ஒழுங்காகச் சொன்னார். பிறகு சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. உதடு நீலம், பல் அடித்துக்கொண்டது, ஒரு கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. மருமகன் கானுக்குள் இறங்கி, தன் ஜக்கெற்றைக் கழற்றிப் போர்த்து, தண்ணீருக்குள்ளேயே இருந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்சுக்கு அடித்தார். சாப்பிடாததில் சீனி இறங்கியிருக்கும் என்று அவர்கள் போனில் சொல்லித்தான், இனிப்பு ஏதும் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். கோயில் பொங்கலை எட்டிக் கொடுத்தேன். விரலால் தொட்டுத் தொட்டு அவர் வாய்க்குள் வைத்தார். காலையில் ஒரு கரண்டி கேட்ட மனுசன், அப்போது விழுங்கத் தெரியாமல் கிடந்தார்.

இடுப்பு முறிந்திருந்தது. அதற்கு ஒப்பரேஷன். பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஒரு கிழமை உயிர் அங்காலை இங்காலை என்று ஊசலாடியது. கிளடிஸ் ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே கதிரை போட்டு இருந்தாள். மருமகன் பஸ் ஓட்டம் முடிந்ததும் தினமும் போவார். அவள் உள்ளே விட மாட்டாள். முதல் நாள் நானும் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, ஸ்கூல் பஸ்ஸிலை ஒரு பிள்ளையை மறந்துபோய் விட்டிட்டு வந்தா உமக்கு வேலை இருக்குமோ?"

"இராது அக்கா."

"சரி. அப்ப போம்."

இன்னொரு நாள் அவள் தன் போனை எடுத்து, மருமகன் காதுக்குக் கிட்டப் பிடித்தாள். கானுக்குள் விழுந்தவருடைய கருவி மேலே நிற்பாட்டாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கும் கேட்டது. கோச்சி கடந்து போகிறது. தேய்ந்து தேய்ந்து போகிறது. பிறகு மழை. பிறகு தூரத்தில் வான் கதவுகள் அடிபடுகிற சத்தம், எஞ்சின் பிடிக்கிற சத்தம். பிறகு நீக்கிலாப்பிள்ளையின் குரல், கத்தவில்லை, சாதாரணமாக: "றத்தினம், நில்லும்." கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே, "சரி, திரும்பி வருவாங்கள்." பிறகு கல் சறுக்குகிற சத்தம்.

கிளடிஸ் அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் போட்டுக் காட்டினாள். அவளைப் பிழை சொல்ல மாட்டேன். என் மருமகனுக்காகவும் அவளைப் பிழை சொல்ல மாட்டேன்.

வீட்டில் மனுசன் மாறிப்போனார். பஸ்ஸின் கடைசி இருக்கை வரை போய்ப் பார்த்து, பொத்தானை அமத்தி, வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றப் போனவர் திரும்பவும் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற யார்டுக்குப் போவார்.

"என்னப்பா, இப்பதானே பாத்தனீங்கள்," என்பாள் இராஜேஸ்வரி.

"பாத்தனான். வடிவாப் பாத்தனோ எண்டுதான்."

யார்டில் இருந்த மேற்பார்வைக்காரர் இது என்ன பழக்கம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். நான் கட்டிலில் சும்மா கிடந்தால் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "இருக்கிறன் தம்பி," என்பேன். போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கதவு திறக்கும். வான் கீழே பனி மூடிக் கிடந்தது. கழற்றிய நடு இருக்கையைத் திரும்பவும் கொண்டுபோய்ப் பூட்டினார், விற்கப் போகிறேன் என்று சொன்னார்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை கிட்டும்போது நீக்கிலாப்பிள்ளையை நடை பழக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாள் கிளடிஸ் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து, "வாங்கோ," என்று மருமகனை நானே கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மனுசர் இரண்டு பேர், எத்தனை நாளைக்குக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது? மருமகன் கட்டிலடியில் நின்றார். இருக்கவில்லை.

"அண்ணை, ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லும்."

"அண்டைக்கு நான் நேரை வரேல்லை. பாலத்தடியிலை நிண்டனான். கோச்சி போகுமட்டும்."

நீக்கிலாப்பிள்ளை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? கோச்சி என்ரை தலைக்கு மேலாலை திரும்பிப் போச்சு. அதுக்குப் பிறகு நீர் வந்தனீர். கோச்சிக்கு முன்னம் வந்திருக்க வேண்டிய ஆள் எங்கை நிண்டிருக்கும்? பாலத்திலைதான். அங்கை கிடந்து யோசிக்க எனக்கு நேரம் இருந்தது தானே."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"படம் எப்பிடி?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

"அண்ணை..."

"கேக்கிறன். புகை கீழை இறங்கினதோ? அண்டைக்குக் காத்து இல்லை. இறங்கியிருக்க வேணும்."

"இறங்கினது. ஆத்தோடை போனது." பிறகு சொன்னார்: "படம் இல்லை அண்ணை. கமராவிலை இருந்த மெமறிக் கார்ட்டைக் கழட்டி அண்டைக்கே ஆஸ்பத்திரி வாசலிலை உடைச்சு எறிஞ்சுபோட்டன். அதை வைச்சிருக்க எனக்கு மனமில்லை."

நீக்கிலாப்பிள்ளை கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். முடியவில்லை. அவர் முகம் அப்படிச் சிவந்து நான் கண்டதில்லை.

"ஆரைக் கேட்டு உடைச்சனீர்?"

"அண்ணை, உங்களுக்காகத்தான்—"

"எனக்காகவோ? கடைசி ஓட்டம், றத்தினம். சத்தம் என்னட்டைக் கிடக்கு. அதுக்குப் படம் எங்கை? நான் அந்தக் கானுக்குள்ளை கிடக்கேக்கை என்ன நினைச்சனான் தெரியுமோ? விசரன் பாலத்திலை நிக்கிறான், நல்லா எடுக்கட்டும் எண்டு. ஒரு படத்துக்காகக் கிடந்தனான் எண்டாலும் ஒரு கதை இருக்கு. இப்ப ஒண்டுக்கும் இல்லாமல் கிடந்தனான் எண்டு ஆக்கிப்போட்டீர்." மூச்சு வாங்கினார். "விட்டிட்டுப் போனது பிழை. ஆருக்கும் வரக்கூடிய பிழை. உடைச்சது எனக்குச் செய்தது. போம்."

மருமகன் கீழே வந்து வானில் ஏறி, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே கனநேரம் இருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களுக்குள் ஒரு சொல் இல்லை. அவர் நடை பழகி வீட்டுக்கு வந்த பிறகு, கட்டடத்தில் ஒரே எலிவேற்றரில் ஏறினாலும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். துரை இடையில் நின்று அவருக்கு இவர் சொன்னதாகவும் இவருக்கு அவர் சொன்னதாகவும் ஏதோ பொய்கள் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் நம்பவில்லை.

வைகாசியில் நீக்கிலாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அக்கா, வானை வித்துப்போட்டாரோ?"

"இல்லை. வாங்க வந்தவங்கள் ஓட்டையைப் பாத்திட்டுப் போயிட்டாங்கள்."

"ஞாயிற்றுக்கிழமை பழைய டீசல் எஞ்சின் ஒண்டை ஓட விடுகினமாம். கரிக்கோச்சி இல்லைத்தான். நான் வாறன் எண்டு சொல்லுங்கோ."

எனக்குச் சந்தோஷம் வந்தது. அவர் உடனே, "ஆனா ஒண்டு," என்றார். "கடவையிலை நிண்டா வான் திறப்பு என்ரை கையிலை இருக்க வேணும். ஓம் எண்டா வாறன்."

மருமகனிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் எண்டு சொல்லுங்கோ மாமி," என்றார்.

கிளடிஸ் கீழே வந்து நின்று, அவர் பிடித்து நடக்கிற வோக்கரை மடித்து வானில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். றோல்ஸ் தரவில்லை. ஒரு சின்னப் பெட்டியில் அவருக்கு மட்டும் சாப்பாடு கட்டி, அவர் கழுத்தில் பையாக மாட்டிவிட்டாள்.

முதல் கடவை. மருமகன் வானை நிறுத்தினார், பழக்கத்தில் மூக்கை ரோட்டைப் பார்த்தே நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"திறப்பு."

கழற்றிக் கொடுத்தார். நீக்கிலாப்பிள்ளை அதைச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானைப் பூட்டி, மேலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். வோக்கரைத் தள்ளிக்கொண்டு கல்லுப் பாதையோடு வெளிக்கிட்டார். மருமகன் கூடப் போகக் கால் எடுத்து வைத்தார்.

"வேண்டாம். உம்மடை கமராவைப் பாரும்."

முன்னைப்போலவே தூரம் போனார். குறைத்துக்கொள்ளவில்லை. ஒரு அடிக்கு நாலு தரம் சக்கரம் கல்லில் சிக்கியது. கோச்சி வந்தது, போனது. துரையின் கார் போனது. மருமகன் தாங்கியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, ஓடி வந்து தன் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டார். திறப்பு இல்லை. முன்னால் புகை கொஞ்சம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. ஊதல் எங்கேயோ தள்ளிக் கேட்டது.

பக்கக் கண்ணாடியில் நீக்கிலாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தார்.

போன் அடித்தது. துரை. "சார், எங்க இருக்கீங்க? ரயில் அடுத்த கேட்டையும் தாண்டிருச்சு."

"இருக்கிறம்," என்றார் மருமகன்.

"இறங்கிப் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்," என்றேன் நான்.

"வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார் மாமி. இருப்பம்."

நீக்கிலாப்பிள்ளை வந்து, ஏறி, வோக்கரை மடித்து உள்ளே இழுத்து, பெல்ட்டைப் பூட்டினார். எல்லாம் ஆறுதலாக. மருமகன் திரும்பாமலே தோளுக்கு மேலால் உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒன்றும் விழவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சோ எண்டு பாரும்."

மருமகன் பெல்ட்டைக் கழற்றினார். முழுக்கத் திரும்பி, பஸ்ஸில் பார்க்கிறவரைப் போலக் கடைசி இருக்கை வரை பார்த்தார். என்னைப் பார்த்தார். காலியாகக் கிடந்த மூலையையும் பார்த்தார். கடைசியாகத்தான் நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தார். குளிர்காலத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்தது அப்போதுதான்.

"ஏறியாச்சு அண்ணை."

நீக்கிலாப்பிள்ளை பொத்தானை அவிழ்த்துத் திறப்பை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எங்களுக்கு அந்த ஒரு கடவைதான். மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் போகும்போது தண்டவாளம் வெறுமனே கிடந்தது.

அவர்கள் ஒற்றுமையாகிவிட்டார்கள் என்று துரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பின்னால் இருந்து பார்க்கிறவள் நான். இந்தக் கோடையில் எத்தனையோ ஞாயிறு போயாயிற்று, ஒவ்வொரு கடவையிலும் அந்தக் கை நீளுகிறது, இவர் கழற்றிக் கொடுக்கிறார். ஒரு நாளாவது, "திறப்பை நீரே வைச்சிரும்," என்று அவர் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று இவர் கேட்கவும் இல்லை.